சான் பிரான்சிஸ்கோ எத்தனை மணி நேரம்? பதில் சொல்லத் தெரியாதவர்களுக்கு ஒரு கையேடு

விசா வந்துவிட்டது. டிக்கெட்டைப் பையன் அங்கிருந்தே போட்டு அனுப்பிவிட்டான். இனிமேல் கிளம்பும் நாள் வரைக்கும் உங்களைப் பார்க்கிற ஒவ்வொருவரும் இரண்டே இரண்டு கேள்விகள்தான் கேட்பார்கள். எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம்? பால்காரர் கேட்பார். வங்கியில் காசாளர் கேட்பார். பல் டாக்டர் உங்கள் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டு, பதில் சொல்லவே முடியாத நிலையில் கேட்பார். "அது கிடக்கு, ரொம்ப தூரம்" என்று சொல்லி நழுவலாம்தான். ஆனால் அப்படி நழுவுகிறவர் உண்மையிலேயே அமெரிக்காதான் போகிறாரா, இல்லை அரக்கோணத்தில் மச்சினர் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வரப்போகிறாரா என்று தெருவில் பேச்சு கிளம்பும்.

அந்தப் பேச்சு கிளம்பாமல் இருப்பதற்காகவே இந்தக் கையேடு. சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகும் பெற்றோரை மனத்தில் வைத்து எழுதியது. டல்லஸ், சிகாகோ, டொராண்டோ போகிறவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அவஸ்தையை மாற்ற வேண்டியதில்லை.

முதலில் ஒரு நூல் வேண்டும்

தூரத்தை அளக்கப் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தைத் தேடிப் போகாதீர்கள். அதில் சென்னை வலப்பக்கம் இருக்கும். சான் பிரான்சிஸ்கோ இடப்பக்கக் கோடியில் இருக்கும். நடுவே ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் அரபிக் கடல், வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று கோடு இழுத்துக்கொண்டு போகும். பார்க்க லட்சணமான கோடு. அந்தக் கோட்டில் எந்த விமானமும் போவதில்லை.

பேரப்பிள்ளைகளிடமிருந்து தப்பிய பூகோள உருண்டை ஒன்று பரணில் கிடக்கும். அதை இறக்குங்கள். நூலின் ஒரு முனையைச் சென்னைமேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து விறைப்பாக இழுங்கள். நூல் மேற்கேயும் போகாது, கிழக்கேயும் போகாது. வடக்கே கிளம்பும். ஆந்திரம், ஒடிசா, பீகார் தாண்டி எவரெஸ்ட் சிகரத்துக்கு மிக அருகில் இமயமலையைக் கடக்கும். பிறகு திபெத், மங்கோலியா, சைபீரியா. ஆர்க்டிக் வட்டத்துக்குள் புகுந்து ஏறக்குறைய 69 டிகிரி வடக்கு வரை ஏறி, அங்கிருந்து அலாஸ்கா வழியாக இறங்கி, பசிபிக் ஓரமாகச் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து சேரும். உருண்டையின்மேல் இதைவிடக் குறுக்குவழி கிடையாது. நீளம் சுமார் 13,900 கிலோமீட்டர்.

இதுதான் உங்கள் முதல் விடை. "சுமார்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் கட்டாயம் இருப்பார். பூமி சரியான உருண்டை இல்லையே, நடுவரை நிலநடுக்கோட்டில் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. ஆயிற்றே, நீங்கள் எதை வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்று மடக்குவார். உருண்டை என்றே வைத்துப் போட்ட கணக்கில் அதிகபட்சம் அரை சதவீதம் பிழை வரலாம், அதாவது 70 கி.மீ., சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரம், அதை ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

தூரத்தை ஏற்றிச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ.; ஆகவே உலகத்தில் எந்த இடமும் இன்னோர் இடத்திலிருந்து 20,000 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்க வழியே இல்லை. சென்னைக்கு நேர் எதிர்ப்புறம் எது என்று பார்த்தால் பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் கடலுக்கு நடுவில் போய் விழுகிறது. அங்கே யாருடைய பையனுக்கும் வேலை கிடைத்ததாகத் தகவல் இல்லை.

சம்பந்தி வீட்டார் விஷயம் தனி. அவர்கள் பெண் நியூயார்க்கில் இருப்பாள். அவர்கள் சிங்கப்பூர் வழியாகப் போயிருப்பார்கள். சிங்கப்பூர்–நியூயார்க் கென்னடி விமான நிலையம் சுமார் 15,300 கி.மீ. நிற்காமல் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கிற விமானம் அது. உலகத்தில் அட்டவணை போட்டு ஓடுகிற பயணிகள் விமானங்களில் மிக நீளமானது. இந்த இடத்தில் நீங்கள் தோற்றுத்தான் ஆகவேண்டும். ஒரே ஒரு ஆயுதம் உண்டு. அந்த ஏர்பஸ் ஏ350 விமானத்தில் மொத்தம் 161 இருக்கைகள்தான். அத்தனை தூரத்துக்கு எரிபொருள் சுமப்பதால் ஆட்களைக் குறைத்திருக்கிறார்கள். சாதாரண எகானமி வகுப்பே அதில் கிடையாது. "அப்படியானால் அதிகப் பணம் கொடுத்துப் போனீர்களா?" என்று வெள்ளந்தியாகக் கேளுங்கள். எகானமியில்தான் போனோம் என்று அவர்கள் சொன்னால் வேறு விமானத்தில் போயிருக்கிறார்கள் என்று பொருள். ஆமாம் என்று சொன்னால் வீட்டுக்கு வந்து பையனிடம் சண்டை போடுங்கள்.

பிறகு வகுத்துப் பாருங்கள்

பெரிய ஜெட் விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். 13,900ஐ 900ஆல் வகுத்தால் பதினைந்தரை மணி நேரம் வருகிறது. கணக்கு சரி. விடை அழகாக இருக்கிறது. இனி டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். அதில் 24 மணி என்றோ 27 மணி என்றோ, பையன் கொஞ்சம் சிக்கனமானவனாக இருந்தால் 33 மணி என்றோ போட்டிருக்கும்.

மிச்ச நேரம் எங்கே போனது என்று விசாரிப்பதுதான் இந்தக் கையேட்டின் உண்மையான வேலை.

முதல் திருடன் நூல்தான். நூல் போகிற வழியில் விமானம் போகாது. திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டருக்கு மேல். வானத்தில் விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் விமானி 10,000 அடிக்கு, அதாவது 3,000 மீட்டர் சுமாருக்கு, மளமளவென்று இறக்க வேண்டும். தலைக்கு மேலிருந்து தொங்குகிற முகமூடியில் ஆக்சிஜன் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குத்தான் வரும். இறங்க நினைக்கிற உயரத்துக்கு மேலேயே தரை இருந்தால் என்ன செய்வது? அதனால் அந்தப் பக்கமே அதிகம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறார்கள். இந்த விஷயத்தைப் பாட்டிக்குச் சொல்ல வேண்டாம்.

இரண்டாவது, சென்னையிலிருந்து அமெரிக்காவின் எந்த ஊருக்கும் நேர் விமானம் கிடையாது. எங்காவது இறங்கி மாறியாக வேண்டும். எங்கே என்பதில்தான் குடும்பம் இரண்டாகும். சென்னைக்கு மேற்கே துபாய் சுமார் 2,900 கி.மீ. கிழக்கே சிங்கப்பூரும் சுமார் 2,900 கி.மீ. தராசில் வைத்து ஊரை ஸ்தாபித்த மாதிரி இருக்கிறது. துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ 13,000 கி.மீ., சிங்கப்பூரிலிருந்து 13,600 கி.மீ. பிராங்க்பர்ட் வழியாகப் போனால் முதல் தாவல் 7,600, அடுத்தது 9,100. மூன்று வழியிலும் கூட்டிப் பார்த்தால் 15,900க்கும் 16,700க்கும் நடுவில் வருகிறது. நூல் சொன்னதைவிட இரண்டாயிரம் கிலோமீட்டராவது அதிகமாகப் பறக்கப்போகிறீர்கள்.

எந்த வழி நல்லது என்று அப்பா தூரத்தை வைத்து முடிவு செய்வார். அம்மா, எந்த விமானத்தில் சைவச் சாப்பாடு சாப்பிடும்படி இருக்கும் என்று விசாரித்து முடிவு செய்வார். டிக்கெட் போடுகிற பையன் இரண்டு பேரையும் கேட்காமல் எது எண்பது டாலர் குறைவு என்று பார்த்துப் போட்டிருப்பான். அந்த எண்பது டாலருக்காக நீங்கள் ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் பதினோரு மணி நேரம் வாசனைத் திரவியக் கடைகளைச் சுற்றி வந்துகொண்டிருப்பீர்கள். தூரக் கணக்கில் இந்த நேரத்துக்கு இடமில்லை. அந்தப் பதினோரு மணி நேரமும் நீங்கள் சான் பிரான்சிஸ்கோவை நோக்கி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

காற்றை விசாரியுங்கள்

குறைந்த தூரம் என்றால் குறைந்த நேரம் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தால் டெல்லிக் கதையைக் கேளுங்கள். 2015 டிசம்பரில் ஏர் இந்தியா டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர் விமானம் விட்டது. அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கி.மீ. அடுத்த ஆண்டு அக்டோபரில் வழியை மாற்றிக் கிழக்கே திருப்பினார்கள். பசிபிக் மேலாகப் போனால் 15,300 கி.மீ. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடுதல். ஆனால் பயணம் பதினாலரை மணி நேரத்தில் முடிந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு.

காரணம் ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் மேல்வானக் காற்று. தரையிலிருந்து ஒன்பது, பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல ஓடுவது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ. தாண்டுவது சாதாரணம். கிழக்கே போகிறவரை முதுகில் கைகொடுத்துத் தள்ளும், மேற்கே போகிறவரை மார்பில் கைவைத்து நிறுத்தும். 2020 பிப்ரவரியில் கியாரா என்ற புயல் சமயத்தில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிற தூரம். தரையைப் பொறுத்தவரை அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. அதே இரவில் எதிர்ப்பக்கம் போனவர்களின் நிலையைப் பற்றிச் செய்தித்தாள்கள் அவ்வளவாக எழுதவில்லை.

இந்தக் காற்றை முதலில் அளந்து எழுதியவர் வசாபுரோ ஓயிஷி என்கிற ஜப்பானிய வானிலையாளர். 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டுப் பறக்கவிட்டுக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் எழுதி வெளியிட்டார். உலகம் முழுவதும் அதைப் படிக்கவில்லை. 1944இல் டோக்கியோமேல் குண்டு போடப் போன அமெரிக்க பி-29 விமானிகள்தான், தாங்கள் குறிவைத்த இடத்தைத் தாண்டி இந்த வேகத்தில் எப்படிப் போகிறோம் என்று திகைத்தார்கள். நல்ல விஷயத்தை எந்த மொழியில் சொல்வது என்பது குறித்து யோசிக்க விரும்புகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம். மற்றவர்கள் தொடரலாம்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு நடைமுறை உத்தி கிடைக்கிறது. சிங்கப்பூர் வழியாகப் போனால் பசிபிக் காற்று பின்னாலிருந்து தள்ளும். சான் பிரான்சிஸ்கோவுக்குப் பதினைந்து மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். அதே வழியில் திரும்பினால் பதினேழு மணி நேரத்துக்குப் பக்கமாகும். ஆகவே போகும்போது கிழக்கே போய், வரும்போதும் கிழக்காகவே வந்து உலகத்தைச் சுற்றி முடிப்பதுதான் அறிவுள்ள வழி. பையனிடம் சொல்லிப் பாருங்கள். போகவர ஒரே டிக்கெட்டாக எடுத்தால்தான் மலிவு என்பான். காற்றைவிட வலுவான சக்திகள் வானத்தில் இருக்கின்றன.

அரசியல் பக்கத்தையும் படியுங்கள்

வானத்துக்கு வேலி கிடையாது என்று கவிஞர்கள் சொல்வார்கள். கவிஞர்கள் விமானம் ஓட்டுவதில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் மேலே இருக்கிற வானம் அந்த நாட்டுடையது. கோபம் வந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். 2022 பிப்ரவரி கடைசியில் ரஷ்யா ஐரோப்பிய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த பின்னேர் நிறுவனத்தின் விமானம் பதின்மூன்று மணி நேரம் சுற்றிக்கொண்டு, வட துருவத்துக்கு மேலாகவே போக ஆரம்பித்தது. பயணிகளுக்கு, வட துருவத்தைக் கடந்தீர்கள் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். தாமதத்தைச் சாதனையாக மாற்றுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை; நம் ஊர்ப் பேருந்து நிறுவனங்கள் கவனிக்கலாம்.

2019இல் பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை பாகிஸ்தான் வானத்தை மூடியது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடியும் மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகிறவர்களுக்குத்தான் வலி அதிகம். தெற்கே இருக்கிற நமக்கென்ன என்று இருக்க வேண்டாம். 2025 ஜூன் 23 அன்று கத்தார் சில மணி நேரம் தன் வானத்தை மூடியபோது தோகாவில் மாற வேண்டியவர்கள் எந்த ஊரிலிருந்து கிளம்பினார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் ஒன்று எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் மகதான் என்ற ஊரில் இறங்கியது. இன்னொரு விமானம் வந்து ஏற்றிக்கொண்டு போகும் வரை பயணிகள் அங்கேயே தங்கினார்கள். பயணத்துக்கு முன்னால் பஞ்சாங்கத்தில் சூலம் பார்க்கிறவர்கள், பக்கத்திலேயே செய்தித்தாளின் வெளிநாட்டுப் பக்கத்தையும் வைத்துக்கொள்வது நல்லது. சூலத்துக்காவது பால், தயிர் என்று பரிகாரம் உண்டு.

சக்கரக் கட்டையும் கைதட்டலும்

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கிற நேரம் இல்லை. நிறுத்தி வைத்த விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து, போகிற ஊரில் மறுபடி கட்டை வைக்கிற வரைக்கும் உள்ள நேரம். ஓடுதளத்தில் வரிசையில் நிற்பது, இறங்க இடம் கேட்டு வானத்தில் வட்டமடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். இதற்கு மேலும் கொஞ்சம் கூட்டித்தான் நிறுவனங்கள் அட்டவணை போடும். அதனால்தான் அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய விமானத்தின் விமானி, "பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று பெருமையாக அறிவிக்க முடிகிறது. கைதட்டத் தோன்றினால் தட்டுங்கள். கல்யாண அழைப்பிதழில் 9 மணி என்று போட்டு 10 மணிக்கு முகூர்த்தம் வைக்கிற நமக்கு இது புரியாத கலை இல்லை.

கழித்தல் கணக்கு: அபாயகரமானது

சேரும் நேரத்திலிருந்து கிளம்பிய நேரத்தைக் கழித்தால் பயண நேரம் வரும் என்பது ரயிலுக்குப் பொருந்தும். விமான டிக்கெட்டில் கிளம்புகிற நேரம் அந்த ஊர்க் கடிகாரம், சேர்கிற நேரம் இந்த ஊர்க் கடிகாரம். கோடைக்காலத்தில் சிங்கப்பூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் 15 மணி நேர வித்தியாசம். விமானமும் 15 மணி நேரம் பறக்கிறது. ஆகவே சிங்கப்பூரில் திங்கட்கிழமை காலை 9 மணிக்குக் கிளம்பினால் சான் பிரான்சிஸ்கோவில் அதே திங்கட்கிழமை காலை 9 மணிக்கு இறங்குவீர்கள். கழித்துப் பாருங்கள்: பூஜ்யம். குளிர்காலத்தில் வித்தியாசம் 16 மணி நேரம். அப்போது கிளம்பியதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடலாம். தெருவில் யாராவது எத்தனை மணி நேரம் என்று கேட்டால் "மைனஸ் ஒன்று" என்று சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்காமல் நடந்துவிடுங்கள்.

திரும்பும்போது இந்த லாபத்தை வட்டியோடு பிடுங்கிக்கொள்வார்கள். சனிக்கிழமை இரவு 10 மணிக்குக் கிளம்பிப் பதினேழு மணி நேரம் பறந்தால் சிங்கப்பூரில் திங்கட்கிழமை காலை 6 மணி. ஞாயிற்றுக்கிழமை ஓரிரு மணி நேரம் விமானத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கும், அவ்வளவுதான். அன்றைக்கு ஏகாதசி என்றால் விரதம் இருந்த கணக்கா, இல்லாத கணக்கா? வீட்டுப் புரோகிதரைக் கேட்டால் எந்த ஊர்ச் சூரியோதயம் என்று திருப்பிக் கேட்பார். பிறந்த நாள் அந்த ஞாயிற்றுக்கிழமையில் வருகிறவர்கள் ஒரு வயதை மிச்சம் பிடித்ததாக வைத்துக்கொள்ளலாம். ஓய்வூதிய அலுவலகம் ஒப்புக்கொள்ளாது.

தேதிக்கோட்டின் விளையாட்டில் நமக்கு வந்தது ஒன்றுமே இல்லை. சமோவா நாடு 2011இல் கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறியபோது டிசம்பர் 30ஐ நாட்காட்டியிலிருந்தே எடுத்துவிட்டது. நாடு முழுவதும் வியாழக்கிழமை இரவு படுத்துச் சனிக்கிழமை எழுந்தது. அங்கிருந்து பக்கத்தில் உள்ள அமெரிக்கன் சமோவாவுக்குச் சிறு விமானத்தில் அரை மணி நேரம் சொச்சம்தான். ஆனால் இறங்கும்போது முந்தைய நாளாக இருக்கும். உலகத்தில் நேற்றைக்குப் போக டிக்கெட் விற்கிற வழித்தடங்களில் அதுவும் ஒன்று.

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் உள்ள வித்தியாசம் கோடையில் பன்னிரண்டரை மணி நேரம். இது ஒரு வரம். இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே காலை எட்டு. முள்ளை அரை மணி பின்னால் தள்ளி, பகலை இரவாக்கிக்கொண்டால் போதும். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அது பதின்மூன்றரை ஆகிவிடும். மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வரை பையனை நீங்கள் தூக்கத்தில் எழுப்பிக்கொண்டே இருப்பீர்கள். இந்த அரை மணி எங்கிருந்து வந்தது என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு தகவல்: 1906இல் இந்தியப் பொது நேரம் வருவதற்கு முன் நம் ரயில்கள் ஓடியது மதராஸ் வானாய்வகத்தின் நேரத்தில், அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். அதே நீடித்திருந்தால் இன்னும் ஒன்பது நிமிடம் சேர்த்துக் குழம்பியிருப்பீர்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் இந்தப் பகுதியை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை எந்தக் கடிகாரப்படி சாப்பிடுவது என்று கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும்.

பூட்டிலிருந்து சாவி வரை

கடைசியாக, எந்தக் கணிப்பானும் காட்டாத நேரம். மாம்பலத்தில் வீட்டைப் பூட்டுகிறீர்கள். கேஸ் மூடினோமா என்று ஒருமுறை திறந்து பார்க்கிறீர்கள். வழியனுப்ப வந்த இரண்டு கார் உறவினர்களோடு மீனம்பாக்கம் போகிறீர்கள். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் வரச் சொன்னார்கள் என்று மூன்றரை மணி நேரத்துக்கு முன்னால் நிற்கிறீர்கள். பெட்டி 23 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டுத் தராசு 22.8 காட்டியது, கவுன்டர் தராசு 24 காட்டுகிறது. வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, தரையில் பெட்டியைத் திறந்து, ஊறுகாயா பருப்புப் பொடியா என்ற தீர்ப்பை இரண்டு நிமிடத்தில் வழங்கியாக வேண்டும். பழம், காய், விதை எதையாவது உள்ளே ஒளித்து வைத்திருந்தால் இப்போதே எடுத்து உறவினரிடம் கொடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் இறங்கியதும் சுங்கத்தில் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் மாட்டினால் அபராதம்.

இப்படிக் கூட்டிப் பாருங்கள். வீட்டிலிருந்து விமான நிலையம் ஒரு மணி நேரம். அங்கே காத்திருப்பு மூன்றரை. சிங்கப்பூர் நான்கு. அங்கே மாறுவதற்கு ஐந்து. அடுத்த விமானம் பதினைந்தரை. இமிகிரேஷன் வரிசை, பெட்டி எடுப்பது, சுங்கம் எல்லாம் சேர்த்து இரண்டு. பிரீமான்ட்டில் இருக்கும் வீட்டுக்கு ஒரு மணி நேரம். மொத்தம் 32. இப்போது நூல் சொன்ன 13,900ஐ 32ஆல் வகுத்தால், நீங்கள் மணிக்கு ஏறக்குறைய 430 கி.மீ. வேகத்தில் அமெரிக்கா போயிருக்கிறீர்கள். 900 கி.மீ. வேகத்தில் போனது விமானம், நீங்கள் இல்லை.

இந்த 32 மணி நேரத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால், "நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்கு நாள்கணக்கில் போனோம், நீ என்னமோ" என்று ஆரம்பிக்க ஒரு பெரியவர் எல்லாத் தெருவிலும் காத்திருக்கிறார். அவரிடம் வாயாடி ஜெயித்தவர் இல்லை.

கடைசியாக இரண்டு வேலைகள். அங்கே உங்களை அழைக்க வருகிறவரை விமானம் தரை தொட்ட பிறகு வீட்டிலிருந்து கிளம்பினால் போதும் என்று சொல்லுங்கள். இமிகிரேஷன் முடித்து நீங்கள் வெளியே வர எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பி வரும்போது, சென்னையில் காரோட்டி வரப்போகிறவருக்கு நீங்கள் கிளம்புகிற தேதியைச் சொல்லாதீர்கள். டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் +2 என்று போட்டிருக்கும். அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.